எப்டாயின் மாத்திரையைப் பாதுகாப்பாகச் சாப்பிடுவது எப்படி? ஃபெனிடோயின்: முழுமையான வழிகாட்டி

வலிப்புக்கு இன்று இருபதுக்கும் மேற்பட்ட மருந்துகள் இருக்கின்றன. ஆனாலும் நம் ஊர் அரசு மருத்துவமனைகளில் ஃபிட்ஸ் என்று வருபவர்களில் பலர் கையில் வாங்கிக்கொண்டு போவது ஃபெனிடோயின்தான். எப்டாயின் என்று சொன்னால்தான் நிறையப் பேருக்குத் தெரியும். டைலான்டின் என்ற பெயரிலும் கிடைக்கிறது. ஹைன்ரிக் பில்ட்ஸ் என்ற ஜெர்மன் வேதியியலாளர் 1908இல் தயாரித்த பொருள் இது. வலிப்பை இது அடக்கும் என்று 1938இல் அமெரிக்காவில் ஹூஸ்டன் மெரிட்டும் டிரேசி பட்னமும் கண்டறிந்தார்கள். அதுவரை இருந்த பீனோபார்பிட்டோன் போல ஆளைத் தூங்கவைக்காமல் வலிப்பை நிறுத்தியதுதான் இதன் பெரிய பலம்.

விலை குறைவு, பலன் உறுதி. ஆனால் கொஞ்சம் கூடினாலும் குறைந்தாலும் உடனே காட்டிக்கொடுக்கும் மருந்து. மருந்து கவுண்டரில் நிற்பவன் என்ற முறையில் நான் சொல்ல விரும்புவது இதுதான்: இந்த மாத்திரையைச் சுற்றி எதையும் நீங்களாக மாற்றாதீர்கள். ஏதாவது மாறினால், எவ்வளவு சின்ன மாற்றமாக இருந்தாலும், டாக்டரிடமோ மருந்தாளுநரிடமோ வாயைத் திறந்து சொல்லுங்கள். கீழே வரும் ஒவ்வொரு படியும் இதைத்தான் விரித்துச் சொல்கிறது.

ஏன் இவ்வளவு கவனம்?

பெரும்பாலான மாத்திரைகளில் அளவை இரண்டு மடங்காக்கினால் ரத்தத்திலும் கிட்டத்தட்ட இரண்டு மடங்காகும். ஃபெனிடோயின் அப்படியல்ல. இதைச் சிதைத்து வெளியேற்றும் நொதி கல்லீரலில் ஓரளவுதான் இருக்கிறது. ரேஷன் கடையில் எடைபோட ஒரே ஆள் இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். கூட்டம் குறைவாக இருக்கும்வரை வந்தவர் வந்தபடி போய்விடுவார். அவரால் முடிந்த அளவைக் கூட்டம் எட்டிவிட்டால், அதற்குமேல் வரும் ஒவ்வொருவரும் வரிசையில்தான் தேங்குவார்கள். அதுபோல, தினம் 300 மி.கி. சாப்பிட்டு நன்றாக இருக்கும் ஒருவருக்கு 400 மி.கி. ஆக்கினால், ரத்தத்தில் மூன்றில் ஒரு பங்கு கூடுவதற்குப் பதிலாக இரண்டு மடங்கோ அதற்கும் மேலோ ஏறிவிடலாம். அதனால்தான் அனுபவமுள்ள நரம்பியல் டாக்டர்கள் ஓரளவு மருந்து ஏறிய பிறகு 25, 30 மி.கி. என்று கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டுகிறார்கள்.

இந்த நொதியும் ஆளுக்கு ஆள் வேறுபடுகிறது. சிலருக்குப் பிறவியிலேயே மெதுவாக வேலை செய்யும். புதுச்சேரி ஜிப்மரில் தென்னிந்தியர்களிடம் இந்த மரபணு வேறுபாட்டையும் ஃபெனிடோயின் சிதையும் வேகத்தையும் சேர்த்தே ஆராய்ந்திருக்கிறார்கள். பக்கத்து வீட்டுக்காரருக்கு 300 ஒத்துக்கொண்டது என்பது உங்களுக்கு எந்த வகையிலும் கணக்கில்லை.

படி 1: மருந்து தொடங்கும் முன் சொல்ல வேண்டியவை

டாக்டர் கேட்பார் என்று காத்திருக்காதீர்கள். வேறு ஏதாவது மாத்திரை சாப்பிடுகிறீர்களா, இதற்கு முன் எந்த வலிப்பு மருந்துக்காவது உடம்பில் தடிப்பு வந்ததா, கல்லீரல், சிறுநீரகம், இதயத்தில் பிரச்சினை உண்டா, கர்ப்பமாக இருக்கிறீர்களா அல்லது குழந்தைக்குத் திட்டமிடுகிறீர்களா, மது பழக்கம் உண்டா என்பதை எல்லாம் ஒளிக்காமல் சொல்லுங்கள்.

வலிப்பு எப்படி வருகிறது என்பதையும் விவரமாகச் சொல்லுங்கள். முடிந்தால் போனில் எடுத்த வீடியோவைக் காட்டுங்கள். எல்லா வகை வலிப்புக்கும் இந்த மருந்து ஏற்றதல்ல. குழந்தை சில நொடிகள் வெறித்துப் பார்த்து நின்றுவிடும் வகைக்கும், இளவயதில் காலையில் எழுந்ததும் கை வெடுக்வெடுக்கென்று துள்ளும் வகைக்கும் ஃபெனிடோயின் கொடுத்தால் நிலைமை மோசமாகலாம். காலையில் கையிலிருந்த டம்ளர் எகிறி விழுந்தது என்ற ஒரு தகவல் மருந்தையே மாற்றிவிடும்.

படி 2: அட்டையைப் படித்து வாங்குங்கள்

ஒரே பெயரில் 50, 100, 300 மி.கி. என்று பல மாத்திரைகள் இருக்கின்றன. 300இல் மெதுவாகக் கரையும் ‘ஈ.ஆர்’ வகையும் உண்டு. அதை உடைக்கவோ மெல்லவோ பொடிக்கவோ கூடாது. பெயரை மட்டும் பார்த்து வாங்கினால் மூன்று 100 சாப்பிட வேண்டிய இடத்தில் மூன்று 300 சாப்பிட்டுவிடும் ஆபத்து இருக்கிறது. சீட்டில் இருக்கும் எண்ணையும் அட்டையில் இருக்கும் எண்ணையும் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டுப் பாருங்கள்.

குழந்தைகளுக்கான சிரப்பில் இன்னும் கவனம் தேவை. 5 மி.லி.யில் 30 மி.கி. உள்ள பாட்டிலும் இருக்கிறது, 125 மி.கி. உள்ள பாட்டிலும் இருக்கிறது. பாட்டில் மாறினால் அதே 5 மி.லி.யில் நான்கு மடங்குக்கும் அதிகமான மருந்து குழந்தையின் வயிற்றுக்குப் போய்விடும். அதனால் எத்தனை மி.லி. என்று கேட்பதோடு நிறுத்தாமல், எத்தனை மி.கி. என்றும் கேட்டு எழுதி வைத்துக்கொள்ளுங்கள். இந்தச் சிரப்பில் மருந்து கரைந்திருக்காது, மிதந்துகொண்டிருக்கும். பாட்டிலைச் சும்மா வைத்தால் மருந்து அடியில் படிந்துவிடும். குலுக்காமல் ஊற்றினால் முதல் வாரம் மருந்தில்லாத இனிப்புத் தண்ணீரும் கடைசி வாரம் மிதமிஞ்சிய மருந்தும் போகும். முதலில் வலிப்பு திரும்ப வரும், பிறகு குழந்தை தள்ளாடும். ஒவ்வொரு முறையும் நன்றாகக் குலுக்கி, மருந்து அளக்கும் சிரிஞ்சில் எடுங்கள். சமையல் ஸ்பூன் வேண்டாம்.

மாத்திரையிலிருந்து சிரப்புக்கு மாறுவதும் நீங்களாகச் செய்யக்கூடாத வேலை. பல மாத்திரைகளிலும் கேப்ஸ்யூல்களிலும் இருப்பது ஃபெனிடோயின் சோடியம். அதில் 100 மி.கி. என்றால் உண்மையில் ஃபெனிடோயின் 92 மி.கி.தான். சிரப்பில் இருப்பது முழு ஃபெனிடோயின். நாளைக்கு 300 மி.கி. எடுப்பவருக்கு இது 24 மி.கி. வித்தியாசம். டாக்டர்கள் அளவைக் கூட்டுவதே 25, 30 மி.கி. கணக்கில்தான் என்பதை இங்கே நினைத்துக்கொள்ளுங்கள்.

படி 3: கம்பெனியை மாற்றாதீர்கள்

“அதே மருந்துதாங்க, கம்பெனி மட்டும் வேற” என்று கடையில் சொல்வார்கள். நிறைய மருந்துகளுக்கு அது சரி. ஃபெனிடோயினுக்குப் போதாது. 1968இல் ஆஸ்திரேலியாவில் நடந்ததைப் பாருங்கள். ஃபெனிடோயின் கேப்ஸ்யூலில் நிரப்புப் பொருளாக இருந்த கால்சியம் சல்பேட்டை எடுத்துவிட்டு லாக்டோஸ் போட்டார்கள். மருந்தின் அளவு கொஞ்சமும் மாறவில்லை. ஆனால் அதே டோஸில் வருடக்கணக்காக நன்றாக இருந்தவர்கள் தள்ளாட்டமும் மயக்கமுமாக மருத்துவமனைக்கு வந்தார்கள். கால்சியம் உப்பு தடுத்து வைத்திருந்த மருந்து, லாக்டோஸ் வந்ததும் முழுசாக உடம்பில் ஏறிவிட்டது.

அதனால் எந்தக் கம்பெனி மாத்திரையில் தொடங்கினீர்களோ அதிலேயே இருங்கள். அரசு மருத்துவமனையில் இலவசமாக வாங்குபவர்களுக்கு இது எப்போதும் முடியாது. தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் மூலம் வரும் மாத்திரை, கொள்முதலைப் பொறுத்து அவ்வப்போது வேறு கம்பெனியுடையதாக இருக்கலாம். அதற்காக மருந்தை வாங்காமல் விட்டுவிடாதீர்கள். பழைய அட்டையைக் கையோடு கொண்டுபோய்க் காட்டுங்கள். மாத்திரையின் நிறமோ அட்டையோ மாறியிருந்தால், மாறிய தேதியைக் குறித்துக்கொண்டு அடுத்த மூன்று வாரம் கவனமாக இருங்கள். தலைசுற்றலோ வலிப்போ வந்தால் அந்தத் தேதியைச் சொல்லுங்கள், டாக்டருக்குப் பாதி வேலை முடிந்துவிடும்.

படி 4: தினமும் ஒரே நேரம்

சாப்பாட்டுக்குப் பிறகு, முழு டம்ளர் தண்ணீரோடு, தினமும் ஒரே நேரத்தில் சாப்பிடுங்கள். அல்சர் மருந்தாக ஊற்றிக் குடிக்கும் ஜெல், கால்சியம் மாத்திரை ஆகியவை ஃபெனிடோயின் வயிற்றில் ஏறுவதைத் தடுக்கும். குறைந்தது இரண்டு மணி நேர இடைவெளி விடுங்கள். மூக்குக் குழாய் வழியாக உணவு போகும் நோயாளி என்றால், மருந்துக்கு முன்னும் பின்னும் ஒன்று முதல் இரண்டு மணி நேரம் உணவை நிறுத்தச் சொல்வார்கள். வீட்டில் வைத்துப் பார்ப்பவர்கள் அடிக்கடி தவறவிடும் விஷயம் இது. பக்கவாதத்துக்குப் பிறகு குழாய் உணவில் இருப்பவருக்கு மருந்து சரியாகக் கொடுத்தும் வலிப்பு நிற்கவில்லை என்றால் முதலில் இதைத்தான் பார்க்க வேண்டும்.

ஒருவேளை மறந்துவிட்டால், நினைவு வந்ததும் சாப்பிடுங்கள். அடுத்த டோஸ் நேரம் நெருங்கிவிட்டிருந்தால் விட்டதை விட்டுவிட்டு அடுத்ததை மட்டும் சாப்பிடுங்கள். இரண்டையும் சேர்த்துப் போடக்கூடாது. ஒரு நாளுக்கு மேல் விட்டுப்போனால் டாக்டரைக் கேளுங்கள். மாத்திரை தீர ஒரு வாரம் இருக்கும்போதே அடுத்த மாதத்துக்கு வாங்கிவிடுங்கள். தீபாவளி, பொங்கல் விடுமுறைக்கு ஊருக்குப் போகும்போது மாத்திரையைக் கைப்பையில் வையுங்கள், பெட்டியில் வேண்டாம்.

விரதமும் நோன்பும் இருப்பவர்கள் அதற்கு முன்பே டாக்டரிடம் பேசி நேரத்தை மாற்றி அமைத்துக்கொள்ளலாம். பலருக்கு இரவு ஒரு வேளை மருந்தே போதுமானதாக இருக்கும். ஆனால் சிவராத்திரி, வைகுண்ட ஏகாதசி என்று இரவு முழுக்கக் கண் விழிப்பதை வலிப்புள்ளவர்கள் தவிர்ப்பது நல்லது. தூக்கம் கெடுவது வலிப்பைக் கிளப்பும் முக்கியக் காரணங்களில் ஒன்று, மாத்திரை சரியாகச் சாப்பிட்டாலும்கூட.

படி 5: மற்ற மருந்துகளோடு சேரும்போது

இந்தப் பகுதியை நிதானமாகப் படியுங்கள். பிரச்சினைகளில் பெரும்பங்கு இங்கேதான் தொடங்குகிறது.

முதலில் காசநோய். ஐசோனியசிட் மாத்திரை ஃபெனிடோயின் சிதைவதைத் தடுத்து ரத்தத்தில் அதன் அளவை ஏற்றும். அதே கூட்டு மாத்திரையில் இருக்கும் ரிஃபாம்பிசின் அளவை இறக்கும். இரண்டும் சேர்ந்தால் எந்தப் பக்கம் சாயும் என்பது ஆளைப் பொறுத்தது. டி.பி. மருந்து தொடங்கும்போதும், அதைவிட முக்கியமாக முடிக்கும்போதும், ஃபெனிடோயின் அளவைப் பரிசோதிக்கச் சொல்லிக் கேளுங்கள். படர்தாமரைக்கு வாங்கும் ஃப்ளூகோனசோலும், கோ-டிரைமாக்சசோல் என்ற ஆன்டிபயாட்டிக்கும், இதயத் துடிப்புக்கான அமியோடரோனும் அளவை ஏற்றக்கூடியவை. படர்தாமரை சாதாரண விஷயம் என்று கடையில் கேட்டு வாங்கிச் சாப்பிட்டு இரண்டு வாரத்தில் நடக்க முடியாமல் போவது நிஜமாகவே நடக்கக்கூடியது.

அடுத்தது மூளையில் நாடாப்புழு நீர்க்கட்டி. வேலூர் சி.எம்.சி. அந்த மாவட்டத்தில் நடத்திய ஆய்வில், வலிப்பு தொடர்ந்து உள்ளவர்களில் சுமார் மூன்றில் ஒரு பங்கினருக்கு இதனோடு தொடர்பு இருப்பது தெரிந்தது. இந்த நோயாளிகள் ஃபெனிடோயினோடு அல்பெண்டசோலும் ஸ்டீராய்டும் சாப்பிட வேண்டியிருக்கும். ஃபெனிடோயின் அந்த இரண்டின் பலத்தையும் குறைக்கும். டாக்டர் அதைக் கணக்கில் வைத்துத்தான் எழுதியிருப்பார். வெவ்வேறு டாக்டர்களிடம் காட்டினால் மட்டும் இந்த இழை அறுந்துவிடும், அதனால் எல்லாச் சீட்டையும் எல்லாரிடமும் காட்டுங்கள். ரத்தம் உறையாமலிருக்கச் சாப்பிடும் மருந்துகள், எச்.ஐ.வி. மருந்துகள், சில கொலஸ்ட்ரால் மாத்திரைகளுக்கும் இது பொருந்தும்.

நாட்டு மருந்து விஷயத்தில் மூன்று செய்திகள். நினைவாற்றலுக்கு என்று விற்கப்படும் சங்கபுஷ்பி சிரப் ஃபெனிடோயின் அளவைக் குறைத்து வலிப்பைத் திரும்பக் கொண்டுவரும் என்பது 1990களின் தொடக்கத்திலேயே இந்திய ஆய்வில் பதிவானது. பரீட்சை நேரத்தில் பிள்ளைகளுக்கு வாங்கிக் கொடுக்கும் பெற்றோர் இதைக் கட்டாயம் தெரிந்திருக்க வேண்டும். மிளகிலும் திப்பிலியிலும் இருக்கும் பைப்பரின் இதற்கு நேர் எதிர், ஃபெனிடோயினை அதிகமாக ஏறவைக்கும். மிளகு ரசம் சாப்பிடலாம், பயப்பட வேண்டாம். ஆனால் திரிகடுக சூரணத்தைத் தினமும் எடுக்கத் தொடங்கினால் டாக்டரிடம் சொல்லுங்கள். மூன்றாவதாக, ‘மூலிகையாலேயே வலிப்பை நிரந்தரமாகக் குணப்படுத்தும்’ என்று விற்கப்பட்ட சில பொடிகளிலும் உருண்டைகளிலும் ஃபெனிடோயினும் பீனோபார்பிட்டோனும் கலந்திருந்தது கண்டுபிடிக்கப்பட்டிருக்கிறது. பேரோ அளவோ போடாமல் அதே மருந்தை இரண்டாவது முறை சாப்பிடுகிறீர்கள் என்று அர்த்தம். அதிலே எனக்குக் கொஞ்சமும் சமாதானம் கிடையாது.

மதுவும் அப்படித்தான். ஒரே நாளில் நிறையக் குடித்தால் அளவு ஏறும், நாள்கணக்கில் தொடர்ந்து குடித்தால் இறங்கும், திடீரென நிறுத்தினால் அதுவே வலிப்பைக் கொண்டுவரும்.

படி 6: ரத்தப் பரிசோதனை

பெரியவர்களுக்கு ஃபெனிடோயின் வழக்கமாக ஒரு மி.லி. ரத்தத்தில் 10 முதல் 20 மைக்ரோகிராம் இருக்க வேண்டும். மருந்து தொடங்கியோ டோஸ் மாற்றியோ இரண்டு, மூன்று வாரம் கழித்து, அன்றைய மாத்திரையைப் போடுவதற்கு முன் ரத்தம் கொடுங்கள். கடைசி மாத்திரை எத்தனை மணிக்குச் சாப்பிட்டீர்கள் என்று லேபில் எழுதச் சொல்லுங்கள். உடம்பு சரியில்லாமல் விஷ அறிகுறி போல இருந்தால் இதற்கெல்லாம் காத்திருக்கக்கூடாது, எந்த நேரமானாலும் எடுக்கலாம்.

ரிப்போர்ட்டில் 8 என்று வந்தால் ‘குறைவு’ என்று போட்டிருக்கும். உடனே கூடுதல் மாத்திரை கேட்காதீர்கள். ஃபெனிடோயினில் சுமார் 90 சதவீதம் ரத்தத்தில் அல்புமின் என்ற புரதத்தோடு ஒட்டிக்கொண்டிருக்கும். ஒட்டாமல் இருக்கும் மீதிதான் வேலை செய்வது. அல்புமின் 2 ஆகக் குறைந்த, மெலிந்துபோன ஒரு நோயாளிக்கு இந்த 8, சாதாரணமானவரின் 16க்குச் சமம். அதனால் அல்புமினையும் சேர்த்துப் பார்க்கச் சொல்லுங்கள். வருடத்துக்கு ஒருமுறை ரத்த அணுக்கள், கல்லீரல், வைட்டமின் டி ஆகியவற்றையும் பார்ப்பது நல்லது. நீண்ட நாள் சாப்பிடுபவர்களுக்கு எலும்பு வலுவிழக்கவும் ஃபோலிக் அமிலம் குறையவும் வாய்ப்புண்டு. ஆனால் ஃபோலிக் அமிலத்தை நீங்களாக வாங்கிச் சாப்பிடாதீர்கள், அதிக அளவில் அது ஃபெனிடோயினைக் குறைத்துவிடும்.

படி 7: அபாய அறிகுறிகள்

அளவு கூடினால் முதலில் கண் தெரிவிக்கும். பக்கவாட்டில் பார்க்கும்போது கருவிழி தடதடவென்று ஆடும், காட்சி இரண்டாகத் தெரியும். அப்புறம் நடை தள்ளாடும், பேச்சு குழறும். பார்ப்பவர்கள் குடித்திருக்கிறார் என்று நினைத்துவிடுவார்கள். இன்னும் ஏறினால் மயக்கம், குழப்பம், சில சமயம் வலிப்பே அதிகமாகும். அந்த நேரத்தில் வலிப்பு வருகிறதே என்று மாத்திரையைக் கூட்டினால் நிலைமை மோசமாகும். தள்ளாட்டத்தோடு வலிப்பும் வந்தால் முதலில் ரத்த அளவைப் பாருங்கள்.

தடிப்பு இதிலிருந்து முற்றிலும் வேறு. முதல் எட்டு வாரங்களுக்குள் உடம்பில் சிவந்த தடிப்பு, காய்ச்சல், வாய்ப்புண், கண் சிவப்பு, கழுத்தில் நெறிகட்டுவது, தோல் உரிவது ஆகியவற்றில் எதுவும் வந்தால், அடுத்த மாத்திரை போடுவதற்கு முன்பே, அன்றே மருத்துவமனைக்குப் போங்கள். ஸ்டீவன்ஸ்-ஜான்சன் என்ற உயிராபத்தான நிலையின் தொடக்கமாக இருக்கலாம். ஆசியாவில் சில மக்களிடம் அதிகம் காணப்படும் எச்.எல்.ஏ-பி 1502 என்ற மரபணு வகை இருந்தால் ஆபத்து கூடுதல். ஒருமுறை இப்படி வந்தவர்கள் ஃபெனிடோயினை மறுபடி தொடக்கூடாது. கார்பமசெபின், பீனோபார்பிட்டோன் ஆகியவற்றுக்கும் அதே எதிர்வினை வரலாம். இந்த மூன்று பெயரையும் ஒரு அட்டையில் எழுதிப் பர்ஸில் வையுங்கள்.

ஈறு வீங்கிப் பல்லின் மேல் வளர்வது மெதுவாக வரும் தொல்லை, பலருக்கு வருகிறது. தினம் இருமுறை பல் துலக்குவதும் ஆறு மாதத்துக்கு ஒருமுறை பல் டாக்டரிடம் சுத்தம் செய்வதும் இதைக் கணிசமாகக் குறைக்கும். ரத்த அழுத்தத்துக்கு அம்லோடிபின் சாப்பிடுபவர்களுக்கு அதுவும் ஈறை வளர்க்கும் என்பதை ஞாபகம் வையுங்கள். முகத்தில் முடி வளர்வதால் மனம் வருந்தி மாத்திரையை ரகசியமாக நிறுத்தும் இளம்பெண்கள் இருக்கிறார்கள். நிறுத்த வேண்டாம் அம்மா, டாக்டரிடம் சொல்லுங்கள், மாற்று மருந்துகள் இருக்கின்றன.

மருத்துவமனையில் ஊசியாக ஏற்றும்போது கையில் எரிச்சலோ வீக்கமோ வந்தால் உடனே நர்ஸிடம் சொல்லுங்கள். இந்த மருந்து ரத்தக் குழாயை விட்டு வெளியே கசிந்தால் சதையைப் புண்ணாக்கும்.

பெண்களுக்கு

கருத்தடை மாத்திரைகள், மாலா-டி, மாலா-என் உட்பட, ஃபெனிடோயினோடு நம்பகமாக வேலை செய்யாது. அவசரக் கருத்தடை மாத்திரையும் பலம் குறையும். காப்பர்-டிக்கு இந்தச் சிக்கல் இல்லை. குழந்தைக்குத் திட்டமிடும் முன்பே நரம்பியல் டாக்டரைப் பாருங்கள். ஃபெனிடோயின் கருவில் உதட்டுப் பிளவு, இதயக் குறைபாடு, வளர்ச்சிக் குறைவு வரக்கூடிய வாய்ப்பைக் கூட்டுகிறது, அதனால் மருந்தை மாற்றலாமா என்று முன்கூட்டியே முடிவெடுக்க வேண்டும். ஆனால் கர்ப்பம் உறுதியானதும் பதறி மாத்திரையை நிறுத்துவது அதைவிட ஆபத்து. கர்ப்ப காலத்தில் ரத்தத்தில் மருந்து குறையும் என்பதால் அடிக்கடி பரிசோதனை தேவைப்படும். பிறந்த குழந்தைக்கு வைட்டமின் கே ஊசி கட்டாயம். தாய்ப்பால் பெரும்பாலும் தாராளமாகக் கொடுக்கலாம்.

வலிப்பு வந்துவிட்டால்

ஒருக்களித்துப் படுக்கவையுங்கள், தலைக்கு அடியில் துணி வையுங்கள், மணியைப் பாருங்கள். சாவியோ இரும்போ கையில் திணிப்பதால் எதுவும் நடக்காது. வாயில் எதையும் வைக்காதீர்கள், முழு நினைவு திரும்பும்வரை தண்ணீரோ மாத்திரையோ கொடுக்காதீர்கள். ஐந்து நிமிடத்தைத் தாண்டினாலோ, நினைவு திரும்பாமல் அடுத்தது வந்தாலோ 108ஐக் கூப்பிடுங்கள். டாக்டர் மிடாஸோலம் மூக்கு ஸ்ப்ரே எழுதிக் கொடுத்திருந்தால் அவர் சொன்னபடி அடியுங்கள்.

நிறுத்துவது

வலிப்பு வரவில்லை என்பதற்காக நிறுத்துபவர்கள்தான் அதிகம். திடீரென நிறுத்தினால் வலிப்பு விடாமல் அடுத்தடுத்து வந்து உயிருக்கே ஆபத்தாகலாம். வழக்கமாக இரண்டு வருடமாவது வலிப்பில்லாமல் இருந்த பிறகு, ஸ்கேனையும் இ.இ.ஜி.யையும் பார்த்து, நிறுத்தலாமா என்று டாக்டர் யோசிப்பார். சிலருக்கு நிறுத்தவே முடியாது. நிறுத்துவது என்றால் மாதக்கணக்கில் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைப்பார்கள். குறைக்கும் மாதங்களிலும் அதற்குப் பிறகு சில மாதங்களும் வண்டி ஓட்டுவது, கிணற்றிலோ குளத்திலோ தனியாகக் குளிப்பது, உயரமான இடத்தில் வேலை செய்வது வேண்டாம். ஓட்டுநர் உரிம விண்ணப்பத்தோடு தரும் உடல்நல உறுதிமொழியில் வலிப்பு பற்றிய கேள்வி இருக்கிறது, உண்மையைச் சொல்லுங்கள்.

வீட்டில் மிச்சமிருக்கும் மாத்திரையை, ‘அவருக்கும் ஃபிட்ஸ்தானே’ என்று யாருக்கும் எடுத்துக் கொடுக்காதீர்கள். மருந்துக் கவுண்டரில் கொண்டுவந்து கேளுங்கள், என்ன செய்ய வேண்டும் என்று சொல்வார்கள்.